சிரிப்பு யார் மேல் விழுகிறது? பிள்ளைகளுக்கு நிறவெறிக் காலத்துக் கதை எழுதுவது எப்படி

பேருந்துக் காசை முன்வாசலில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வரை நடந்துபோய் ஏற வேண்டும். 1955இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி ஊரில், கறுப்பினத்தவரைப் பல ஓட்டுநர்கள் இப்படித்தான் நடத்தினார்கள். இறங்கி நடக்கிற அந்த நேரத்துக்குள் சிலர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. காசும் போச்சு, பேருந்தும் போச்சு. இதை வைத்து ஒரு கதை எழுதி, பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரிடம் வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு பாட்டி மழையில் பின்வாசலை நோக்கி ஓடுவார், கைப்பை ஒரு பக்கம் போகும், தொப்பி ஒரு பக்கம் போகும், சேற்றில் வழுக்குவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், "பாட்டி என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை, நான் எங்கே சிரிக்கச் சொன்னேனோ அங்கே சிரித்தார்கள். இந்த மாதிரிக் கதை எழுத உட்காருகிறவர் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: சிரிப்பு யார் மேல் விழுகிறது? அடிபட்டவர் மேல் விழுந்தால் நீக்கிவிடுங்கள், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி. சட்டத்தின் மேலும், அதைத் தூக்கிப் பிடிக்கிறவர் மேலும் விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஒன்று, காலம் ஒன்று

"அமெரிக்காவில் நிறவெறி" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் கதை எங்கேயும் போய்ச் சேராது. ஒரு ஊர், ஒரு வருஷம், முடிந்தால் ஒரு தெரு. நான் மாண்ட்கோமரியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே எல்லாமே ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் நடந்தது: பேருந்து, செருப்பு, சில்லறைக் காசு, சமையலறை. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5இல் ஊரின் கறுப்பினத்தவர் பேருந்தைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். 1956 டிசம்பர் 20 வரை, அதாவது 381 நாள், நடந்தார்கள். ஒரு பிள்ளையின் வயதில் ஒரு வருஷம் முழுவதும் அதில் அடங்கிவிடும்.

அந்த ஊரின் விதிகளை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். கதைக்கு வேண்டிய நகைச்சுவை பெரும்பாலும் அதிலேயே இருக்கும், நீங்கள் எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. பேருந்தில் முன்னால் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. ஒரு வெள்ளையர்கூட ஏறாவிட்டாலும் அவை காலியாகவே போகும், கறுப்பினத்தவர் அந்தக் காலி இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வர வேண்டும். காற்றுக்கு இடம் உண்டு, மனுஷருக்கு இல்லை. அதே மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு, பகடை, டோமினோ, செக்கர்ஸ் ஆடுவது குற்றம் என்று எழுதி வைத்திருந்தது. மாண்ட்கோமரியிலேயே, பூங்காக்களை எல்லாருக்கும் பொதுவாக்கச் சொல்லி வழக்கு வந்ததும், நகரம் 1959இல் பூங்காக்களை மொத்தமாக மூடிவிட்டது. மிருகக்காட்சிசாலையில் இருந்த மிருகங்களைக்கூட விற்றுவிட்டார்கள். இதையெல்லாம் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் விளக்கிச் சொல்கிற பெரியவரை நினைத்துப் பாருங்கள். அவள் கேட்கிற அடுத்த கேள்வியிலேயே சட்டம் உடைந்து விழும். "குரங்கு என்ன பண்ணிச்சு?"

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடலாம். தனித்தனித் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்து, "கலர்டு", அதாவது நிறத்தவர், என்று எழுதிய குழாயில் கலர் தண்ணீர் வரும் என்று பிள்ளை எதிர்பார்க்கிற காட்சி. உண்மையில் பல பிள்ளைகள் அப்படி நினைத்ததாகப் பெரியவர்களான பின் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் அதையே எழுதியாகிவிட்டது. கடையில் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்க விடாததால் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டு போனார்களே, அதை எடுங்கள். தாளுக்கு வலிக்காது, தாள் வளராது, ஆனால் பிள்ளையின் கால் வளர்ந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு அத்தியாயமே இருக்கிறது.

சிரிப்பே ஆயுதமாக இருந்த கதை

இந்தச் சட்டங்களுக்கு மொத்தமாக ஜிம் குரோ சட்டங்கள் என்று பேர். ஜிம் குரோ எந்த நீதிபதியும் இல்லை, மேடைக் கோமாளி. 1830களில் ஒரு வெள்ளை நடிகர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின அடிமை ஒருவரைக் கேலி செய்து ஆடிப் பாடிய வேஷம் அது, கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அந்தக் கேலியின் பெயர்தான் பிற்பாடு சட்டங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நாம் நகைச்சுவையைக் கையில் எடுக்கும்போது இதை மறக்கவே கூடாது. இந்த மக்களைப் பார்த்து ஊர் நூறு வருஷத்துக்கு மேல் சிரித்திருக்கிறது.

அதனால் முதலில் பேச்சைக் கவனியுங்கள். அந்த மேடைக் கேலியில் பெரிய பங்கு கொச்சைப் பேச்சுக்கு இருந்தது. தமிழில் எழுதும்போது, நம்மை அறியாமலே வெள்ளைக்காரருக்கு நல்ல தமிழும் கறுப்பினப் பாட்டிக்கு உடைந்த தமிழும் கொடுத்துவிடுவோம், மொழிபெயர்ப்புகளில் இதை நிறையப் பார்க்கலாம். கொடுக்காதீர்கள். பாட்டியையும் மதுரைப் பேச்சில் பேசவைக்க வேண்டாம், எந்த ஊர் வாடையும் தூக்கலாக இல்லாத சாதாரணப் பேச்சுத் தமிழ் போதும். கதையிலேயே கூர்மையான வாய் அந்தப் பாட்டியுடையதாக இருக்கட்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் கருப்பான ஆளைப் பார்த்தாலே சிரிக்கச் சொல்லிக்கொடுக்கிற நகைச்சுவைக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள். கரி, தார், கரண்ட் கட் என்று வரும் வசனங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படியே பட்டப்பெயர்களாகின்றன. ஆகவே, அமெரிக்காவில் சாதாரணமாக எழுதிவிடக்கூடிய ஒரு நிற வர்ணனை தமிழ்ப் பிள்ளையின் காதில் வேறு மாதிரி விழும். என் கதையில் நிறத்தை வைத்து ஒரு உவமைகூட இல்லை, தெரிந்தேதான் அப்படி வைத்தேன்.

தமிழிடம் இருக்கிற கருவி

அந்தக் காலத்துத் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் வயதான கறுப்பினத்தவரை மிஸ்டர், மிஸஸ் போட்டுக் கூப்பிட மாட்டார்கள். வெறும் பேர், இல்லாவிட்டால் "பையா", கொஞ்சம் நல்ல மனசோடு இருப்பதாக நினைத்துக்கொண்டால் "அங்கிள்", "ஆன்ட்டி". அந்த ஆன்ட்டியை அப்படியே தமிழில் போட்டால் கதை தலைகீழாகிவிடும், ஏனென்றால் நம் பிள்ளைக்கு ஆன்ட்டி என்பது மரியாதை. அங்கே அது மரியாதை கொடுக்காமல் தப்பிக்கிற வழி. இதை எப்படிக் கொண்டுவருவது? தமிழில் இருக்கிற நீ, நீங்கள் போதும். எட்டு வயது வெள்ளைப் பையன் ஒருவன் நரைத்த தாத்தாவைப் பேர் சொல்லி, "இங்க வா, இதை எடு" என்கிறான். தாத்தா அவனைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி" என்கிறார். விளக்கமே வேண்டாம், நம் பிள்ளைக்கு வயிற்றில் சுருக்கென்று இருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஒரு பத்தி செலவழித்துச் சொல்ல வேண்டியதை நாம் ஒரு வினைமுற்றில் சொல்லிவிடலாம்.

அதே கருவி நம் கையையும் வெட்டும். என் முதல் வரைவில் பாட்டி "ஓடினாள், வழுக்கினாள்" என்றுதான் இருந்தது, ஓட்டுநர் "சொன்னார்" என்று இருந்தது. இதைத் திருத்தியபோதுதான் பாதிக் கதை நேராயிற்று.

மரியாதைச் சொல்லுக்காக ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். மேரி ஹாமில்டன் என்ற போராட்டக்காரர், 1963இல் அலபாமாவில் கேட்ஸ்டன் நகரில் நடந்த நீதிமன்ற விசாரணையில், அரசு வழக்கறிஞர் "மேரி" என்று கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல மறுத்தார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பேசுவேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பள்ளி விளையாட்டில் பிள்ளைகள் இதை நடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி வையுங்கள், அவர்களுக்கு அலுக்கவே அலுக்காது.

பாட்டியின் கணக்கு

தூக்கிப் போட்ட காட்சிக்கு வருகிறேன். திருத்தி எழுதியதில் பாட்டி ஓடவே இல்லை. காசு கொடுக்கிறார், இறங்குகிறார், பேருந்து போய்விடுகிறது. பேத்தி கேட்கிறாள்:

"பத்து சென்ட் குடுத்தோமே பாட்டி, அதுக்கு நமக்கு என்ன கிடைச்சது?"

பாட்டி யோசிக்கிறார். "ரெண்டு படி ஏறினேன். ரெண்டு படி இறங்கினேன். ஆக நாலு படி. ஒரு படிக்கு ரெண்டரை சென்ட்."

"அது அதிகமா?"

"படி நல்ல படிதான். ஆனா வீட்டுக்குப் போகாது."

மறுபடி பிள்ளைகளிடம் வாசித்தேன். சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை பாட்டியோடு சேர்ந்து சிரித்தார்கள். ஒரு பையன் உடனே, "அந்த டிரைவர்கிட்ட திருப்பிக் கேக்கணும்" என்று கோபப்பட்டான். எனக்கு வேண்டியது அதுதான். கட்டணம் 10 சென்ட் என்ற தகவலும் போகிற போக்கில் உள்ளே போய்விட்டது. தகவலை யாராவது ஒருவர் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், பேரம் பேசச் சொல்லுங்கள், தொலைக்கச் சொல்லுங்கள். புறக்கணிப்பின்போது கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள், நகர நிர்வாகம் உடனே குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி மிரட்டியது. இதைப் பத்தியாக எழுதினால் பாடப்புத்தகம். உள்ளங்கையில் ஒரே ஒரு பத்து சென்ட் காசை வைத்துக்கொண்டு பேத்தி டாக்சிக் கதவைப் பிடித்து நிற்கிறாள் என்றால் கதை.

அவர்களே சிரித்தார்கள்

நீங்கள் வேடிக்கையை வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டாம் என்பதற்கு நல்ல சாட்சி ஜார்ஜியா கில்மோர். சமையல்காரர். பேருந்தில் முன்னால் காசை வாங்கிக்கொண்டு அவரைக் கீழே இறக்கிவிட்டுப் போன அனுபவம் அவருக்கே உண்டு, அதை நீதிமன்றத்தில் சாட்சியாகவும் சொன்னார், வேலையும் போனது. அவரும் வேறு பெண்களும் சேர்ந்து கோழி வறுத்து, கேக் சுட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் பெண்கள் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் அல்லவா? அதனால் குழுவுக்கே "எங்கிருந்தும் இல்லாத சங்கம்" என்ற பொருளில் பேர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை! வெள்ளையர்கள்கூட அந்தப் பலகாரத்தை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். தான் எதிர்க்கிற போராட்டத்துக்குத் தானே பணம் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்கிற ஒரு வாடிக்கையாளரை எழுதிப் பாருங்கள். பேத்தி அந்தப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டுகிறவளாக இருந்தால், கதைக்கு நடுப்பகுதியே கிடைத்துவிட்டது.

1956 பிப்ரவரியில், 1921இல் போட்ட ஒரு பழைய புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து ஏறத்தாழ 90 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். கைது என்றால் பயந்து ஒளிவார்கள் என்று கணக்கு. போராட்டத் தலைவர்களில் ஒருவரான இ.டி.நிக்சன் தானாகவே நடந்து போய், என்னைத் தேடுகிறீர்களாமே, வந்துவிட்டேன் என்று நின்றார். அப்புறம் ஒவ்வொருவராக நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வரிசையில் வர ஆரம்பித்தார்கள், வெளியே கூட்டம் கைதட்டியது, பட்டியலில் தன் பேர் இல்லையே என்று வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். அதிகாரத்தின் கையில் இருந்த பயம் அப்படியே உதிர்ந்துபோன காலை அது. இந்த இடத்தில் பிள்ளைகள் எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் சரி.

முதல் நாள் நடந்த இன்னொன்றையும் விட மனமில்லை. பேருந்தில் ஏறுகிறவர்களைப் பாதுகாக்கிறோம் என்று போலீசார் மோட்டார் சைக்கிளில் பேருந்துகளின் பின்னாலேயே போனார்கள். அதைப் பார்த்தே, ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றவர்களும் ஏறவில்லை. பயணிகளை மிரட்டினார் என்று ஒரு கல்லூரி மாணவரைப் பிடித்தார்கள், அவர் செய்தது ஒரு மூதாட்டி சாலையைக் கடக்கக் கைகொடுத்தது.

நிஜ மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவரும்போது ஒரு எல்லை வையுங்கள். அவர்கள் வாயில் நீங்களாக வசனம் போடாதீர்கள். பேத்தி, கூட்டத்தின் கடைசியில் நின்றபடி மார்ட்டின் லூதர் கிங்கின் குரலைக் கேட்கட்டும், யாரோ ஒரு மாமாவின் முதுகு மறைப்பதால் அவர் முகம் தெரியாமலே போகட்டும். 26 வயது இளைஞர்தான் அப்போது அவர் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, 15 வயது மாணவி கிளாடெட் கோல்வின் எழ மறுத்துக் கைதானார், பிற்பாடு பேருந்துச் சட்டத்தை உடைத்த வழக்கில் வாதிகளில் ஒருவராகவும் இருந்தார். வாசிக்கிற பிள்ளைக்கு அக்கா வயது. அவரை விட்டுவிட்டு எழுதாதீர்கள். வெள்ளையரில் நல்லவர்களும் இருந்தார்கள், இருக்கட்டும், ஆனால் கதையைத் தீர்த்து வைக்கிற வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். நடந்தவர்கள் தீர்த்துவைத்தார்கள்.

எங்கே நிறுத்துவது

1956 ஜனவரி 30 ராத்திரி கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே அவர் மனைவியும் மூன்று மாதம்கூட நிறையாத குழந்தையும். யாருக்கும் காயமில்லை. இதற்கு முந்தைய ஆகஸ்டில், பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தில், எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கொன்றிருந்தார்கள். இந்த இடங்களில் நகைச்சுவைக்கு வேலையே இல்லை. ஆனால் திடீரென்று குரலை மாற்றி சோக வர்ணனைக்குள் போனால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள், சிலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நான் செய்தது இது: எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று சொல்கிற பாட்டி, அந்த ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி வேண்டுமென்றே ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறாள், வழக்கமாக அவர் விட்டுவைக்காத ஒரு கேள்வியைக் கேட்கிறாள். பாட்டி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் திரும்பி வர வேண்டும், முதல் வரியிலேயே வரக் கூடாது.

கொலையின் விவரம் வேண்டாம். நடந்தது என்று தெரிந்தால் போதும், பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதும், பேத்தி வந்ததும் பேச்சை நிறுத்துவதும் போதும். மறைக்கவும் வேண்டாம். அந்த ஊரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இதைத் தெரியாமல் வளரும் சலுகை கிடைக்கவில்லை.

கடைசிப் பக்கம். 1956 டிசம்பர் 21, பேருந்தில் யாரும் எங்கேயும் உட்காரலாம். இதற்குள் கட்டணம் 15 சென்ட் ஆகியிருந்தது. பாட்டி ஏறுகிறார், காசைப் போடுகிறார், முன்னாலேயே உட்காருகிறார்.

"ரெண்டே படி," என்கிறார். "ஒரு படிக்கு ஏழரை சென்ட். விலை ஏறிப்போச்சு."

"அதிகமா பாட்டி?"

"இல்ல. இது வீட்டுக்குப் போகும்."

ஏழரை என்றதும் சனியை இழுத்து ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். அலபாமாவில் இருக்கிற அந்தப் பாட்டிக்குச் சனீஸ்வரன் தெரியாது, சேர்க்காதீர்கள்.

அங்கேயே முடித்தால் பொய்யாகிவிடும். அந்த டிசம்பர் முடிவதற்குள் பேருந்துகளைக் குறிவைத்துச் சுட்டார்கள், ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணின் இரண்டு கால்களிலும் குண்டு பாய்ந்தது. மாலை 5 மணிக்கு மேல் பேருந்து ஓடாது என்று சில நாள் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே இன்னும் அரைப் பக்கம் எழுதுங்கள். இருட்டுகிறது, பாட்டியும் பேத்தியும் வேலை முடிந்து மறுபடி நடந்து வருகிறார்கள், 381 நாள் நடந்த அதே தெருவில். காலில் புதுச் செருப்பு, தாளில் பாதம் வரைந்து வாங்கியது, இதற்குள் கொஞ்சம் இறுக்க ஆரம்பித்துவிட்டது.

"நாளைக்குப் பேருந்து வருமா பாட்டி?"

"வரும். காலைல ஆறு மணிக்கு."